உறைவதிலும் வேகம் வேண்டும்

ஐசோபென்டேன் என்று ஒரு திரவம் இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுப்பது, நிறமில்லாதது, எளிதில் தீப்பிடிப்பது. அதன் கொதிநிலை வெறும் 28 டிகிரி செல்சியஸ். மலேசியாவில், கெடாவின் கூலிம் மாவட்டத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த கரங்கானில், பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நடப்பு. குளிர்சாதனம் இல்லாத அறையில் அந்தப் போத்தலைத் திறந்து வைத்தால், அடுப்பே இல்லாமல் ஆவியாகிப் போய்விடும். உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைச் சில நொடிகளில் உறையவைக்க உலகெங்கும் ஆய்வகங்கள் நம்பியிருப்பது இந்தத் திரவத்தைத்தான்.

வெயிலில் நிற்காத ஒன்றை உறையவைக்கும் வேலைக்கு ஏன் வைத்திருக்கிறார்கள்? திசுவை உறையவைப்பதில் எவ்வளவு குளிர் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். அதில்தான் இந்தக் கேள்விக்கான விடை இருக்கிறது.

ஃபார்மலின் அழித்துவிடும் சாட்சி

பயாப்ஸி எடுத்தால் துணுக்கு பெரும்பாலும் ஃபார்மலின் போத்தலுக்குள்தான் போகும். திசுவைக் கெடாமல் காக்க இது உதவும் என்று 1893-ல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் கண்டறிந்தார். திசுவில் உள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகலை அது நிறுத்திவிடும். பிறகு ஆல்கஹால், சைலீன், 60 டிகிரி அளவில் உருகிய மெழுகு என்று வரிசையாக முக்கியெடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றுவார்கள். புற்றுநோயைக் கண்டறிய இன்றும் இதுவே முதன்மையான வழி.

ஆனால் இந்தப் பயணத்தில் சில சாட்சிகள் அழிந்துபோகும். என்சைம்கள் செயலிழக்கும். ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். எதிர்ப்புப் புரதங்கள் ஒட்டக்கூடிய இடங்கள் பலவும் பிணைப்புகளுக்குள் மறைந்துவிடும். அந்தச் சாட்சிகள்தான் வேண்டும் என்கிற நோய்களுக்கு, ஃபார்மலின் படாத திசு தேவை.

கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் இளம்பெண் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீரில் நுரை, விரல் மூட்டுகளில் வலி. கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்தால் புரதம் ஏராளமாகப் போகிறது. கூலிம் ஆஸ்பத்திரி வழியாக, சிறுநீரகத் துறை உள்ள அலோர் ஸ்டாருக்கோ பினாங்குக்கோ அனுப்புகிறார்கள். முதுகுப்பக்கமாக ஊசி இறக்கி, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளமும் உள்ள சிறுநீரகத் துணுக்குகளை எடுக்கிறார்கள்.

அவற்றை மூன்றாகப் பங்கிடுவது வழக்கம். ஒரு பங்கு ஃபார்மலினுக்கு. ஒரு பங்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக குளூட்டரால்டிஹைடுக்கு. மூன்றாவது பங்கு உறைநிலைக்கு. இந்த மூன்றாவது பங்கை 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்புப் புரதங்களை அதன் மேல் விடுவார்கள். ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் 1940-களில் உருவாக்கிய முறை இது. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, சி1க்யூ என ஐந்து புரதங்களும் சிறுநீரக வடிகட்டியில் பச்சையாக ஒளிர்ந்தால், லூபஸ் நோயின் வலுவான அடையாளம் அது. ஆய்வகத்தில் அதை 'ஃபுல் ஹவுஸ்' என்பார்கள். ஐஜிஏ மட்டும் ஓங்கி ஒளிர்ந்தால், பாரிஸில் ஜான் பெர்ஜே 1968-ல் விவரித்த ஐஜிஏ நெஃப்ரோபதி. இரண்டு நோய்க்கும் மருந்து வேறு, கண்காணிப்பு வேறு. பிற நோய்களின் விளைவாக வரும் வடிகட்டிப் பாதிப்புகளில் லூபஸே முன்னணியில் நிற்பதாக மலேசிய சிறுநீரக பயாப்ஸிப் பதிவேடு காட்டியிருக்கிறது. ஆகவே இந்த மூன்றாவது பங்கை ஒதுக்கிவிட முடியாது.

தசை நோய்களில் உறைந்த திசுவின் தேவை இன்னும் அதிகம். தசையிழைகளின் வகையைப் பிரித்துக் காட்டுவது உயிருள்ள என்சைம்களின் வேலை. மெழுகில் ஏறிய தசையில் அது நடக்காது. பிறந்து இரண்டு நாளாகியும் மலம் கழிக்காத குழந்தைக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், மலக்குடலிலிருந்து சில மில்லிமீட்டர் துணுக்கை உறிஞ்சி எடுப்பார்கள். அதில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமைத் தேடுவதற்கும் உறைந்த சீவலே வேண்டும்.

பனிப்படிகம் செய்யும் சேதம்

சதையில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. அதைவிட முக்கியம், அது எத்தனை இடங்களில் உறையத் தொடங்குகிறது என்பது. மெதுவாகக் குளிர்ந்தால் சில இடங்களில் மட்டும் படிகம் முளைக்கும். சுற்றியுள்ள தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் பெரிதாக வளரும். செல்லின் உள்ளே இடம் பிடித்து, சவ்வுகளைக் கிழிக்கும். மின்னல் வேகத்தில் குளிர்ந்தால் எண்ணற்ற இடங்களில் ஒரே சமயத்தில் படிகங்கள் முளைக்கும். வளர நேரம் கிடைக்காமல் பொடிப்பொடியாகவே நின்றுவிடும்.

சந்தையில் வாங்கிய பச்சை மீனை வீட்டு ஃபிரீசரில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். உருகும்போது தட்டில் தண்ணீர் தேங்கும். சதை தொளதொளத்து, குழம்பில் போட்டால் பிரிந்துபோகும். மெதுவாக உறைந்ததில் படிகங்கள் பெரிதாகிச் செல்களைக் கிழித்ததன் விளைவு அது. 1910-களில், இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, கடும் பனிக்காற்றில் பிடித்த மாத்திரத்தில் உறைந்த மீன் மாதங்கள் கழித்தும் புதிதாகவே இருப்பதைக் கவனித்தார். உறைந்த உணவு என்ற தொழிலே அதிலிருந்து பிறந்தது. ஆய்வகத்தில் நடப்பதும் இதே இயற்பியல்தான். அங்கே சுவைக்குப் பதில் நோயின் பெயர் பணயத்தில் இருக்கிறது.

மெதுவாக உறைந்த தசையை நுண்ணோக்கியில் பார்த்தால், இழைகளுக்குள் வெற்றுத் துளைகள் தெரியும். சிக்கல் என்னவென்றால், போம்பே (Pompe) நோய் முதலிய சில தசை நோய்களிலும் இழைகளுக்குள் குழிகள் இருக்கும். இவற்றில் எது நோயின் வேலை, எது உறைய வைத்தவரின் கைவேலை? தேர்ந்த நிபுணருக்கும் இது தலைவலி. ஐஸ் துளைகள் மண்டிய துணுக்கில் உண்மையான குழி ஒளிந்திருந்தால், அதைச் சொல்ல யாராலும் முடியாமல் போகலாம்.

படிகமே இல்லாமல் தண்ணீரைக் கண்ணாடி நிலையில் உறையவைக்க முடியாதா? முடியும். சுவிட்சர்லாந்தின் ஜாக் டுபோஷே 1980-களின் தொடக்கத்தில், மிக மெல்லிய நீர்ப்படலத்தைக் குளிர்ந்த ஈத்தேனில் பாய்ச்சி அதைச் செய்து காட்டினார். 2017-ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அதற்கு நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகம் வேண்டும். சாதாரண அழுத்தத்தில், மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் ஆழம் வரைதான் அந்த வேகம் எட்டும். பயாப்ஸித் துணுக்குக்கு அது பொருந்தாது. இங்கே இலக்கு எளிமையானது: படிகம் இருக்கட்டும், ஒளி நுண்ணோக்கியின் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கட்டும்.

துணுக்கு சிறிதாக இருப்பது இதற்குப் பெரிய உதவி. உள்ளிருந்து வெப்பம் வெளியேற எடுக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டர் துணுக்கைவிட 5 மில்லிமீட்டர் துண்டின் நடுப்பகுதி உறைய ஏறத்தாழ 25 மடங்கு நேரம் பிடிக்கும். பெரிய துண்டாக இருந்தால் வெளிப்புறம் நன்றாகவும் நடுவில் துளைகளோடும் உறைவது இதனால்தான்.

மைனஸ் 196 ஏன் போதவில்லை

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் அலுமினியக் குடுவையைத் திறந்தால் வெண்புகை எழுவது இதனால்தான். கரங்கான் இருக்கும் இதே கூலிம் மாவட்டத்தில் 1996-ல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சிப் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சிப் தயாரிப்பில் நைட்ரஜன் தண்ணீருக்கு நிகரான அன்றாடத் தேவை. அப்படியானால் துணுக்கை நேரே அதற்குள் போட்டுவிடலாமே?

போட்டால் மெதுவாகத்தான் உறையும். சூடான சதை உள்ளே இறங்கியதும், அதைத் தொட்ட நைட்ரஜன் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி துணுக்கைச் சுற்றி ஒரு போர்வையாக நின்றுவிடும். வாயு வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது. 1756-ல் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லைடன்ஃபிராஸ்ட் விவரித்த விளைவு இது. மைனஸ் 196-க்குள் மூழ்கிய சதை, தன்னைச் சுற்றிய ஆவிக்குள் தயங்கித் தயங்கி உறைகிறது.

ஐசோபென்டேன் உதவிக்கு வருவது இங்கேதான். அது மைனஸ் 160 வரை திரவமாகவே இருக்கும். திரவ நைட்ரஜனால் அதைக் குளிர வைத்து, துணுக்கை அதற்குள் இறக்கினால், கொதிக்க வாய்ப்பே இல்லை. 28 டிகிரி எங்கோ இருக்கிறது. ஆவிப் போர்வை உருவாகாது. திரவம் சதையை நேராகத் தொட்டு வெப்பத்தை உறிஞ்சும். நைட்ரஜனைவிட 36 டிகிரி குறைந்த குளிர்தான், ஆனால் உறைவது பலமடங்கு விரைவாக.

மேசையில் நடப்பது

தசைத் துணுக்கு ஒன்று வந்திருக்கிறது. அரை சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் நீளம். முதல் வேலை, மேலே உள்ள ஈரத்தை வடிதாளில் ஒற்றி எடுப்பது. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துளி சலைனும் பனிக்கட்டியாகும். பிறகு கார்க் தட்டின் நடுவில் டிராகாகாந்த் பிசினைக் கொஞ்சம் வைத்து, இழைகள் நிமிர்ந்து நிற்கும்படி துணுக்கின் அடியை மட்டும் அதில் பதிப்பார்கள். இழை சாய்ந்திருந்தால் குறுக்கு வெட்டுக்குப் பதில் கோணல் வெட்டு கிடைக்கும். இழையின் பருமனை அளக்க முடியாது. துணுக்கு முழுவதையும் பிசினில் மூடவும் கூடாது. மூடினால் அந்தப் பூச்சே வெப்பத்தைத் தடுக்கும்.

இதற்கிடையில், ஐசோபென்டேன் ஊற்றிய உலோகக் குவளை திரவ நைட்ரஜனுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் அடியிலும் ஓரங்களிலும் வெள்ளைப் படிவு தட்டும். ஐசோபென்டேனே உறையத் தொடங்கிவிட்டது. நடுவில் மட்டும் திரவம் மிச்சம். வெப்பமானியைப் பார்க்காமலே பழகிய கை அறியும் அடையாளம் அது. அந்தக் கணம் கார்க்கைத் தலைகீழாகப் பிடித்து இறக்கி, 10 முதல் 20 நொடி வரை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் குறைந்தால் நடு உறையாது; மிகுந்தால் துணுக்கு வெடித்துப் பிளக்கும். எடுத்த உடனே மைனஸ் 80 ஃபிரீசருக்கு.

சிறுநீரகம், தோல் போன்ற சிறு துணுக்குகளுக்குக் கார்க் வேண்டாம். ஓசிடி எனப்படும் பசையை அச்சில் கொஞ்சம் விட்டு, அதில் துணுக்கைத் தட்டையாக வைத்து உறையவைப்பார்கள். பாலிவினைல் ஆல்கஹாலும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் கலந்த பசை அது.

இவ்வளவும் நடப்பது ஆபத்தில்லாத அறையில் அல்ல. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. சன்னல் மூடிய சிறு அறையில் குடுவை கவிழ்ந்தால், மணமோ நிறமோ இல்லாமல் ஆக்சிஜன் குறைந்துவிடும். மயங்கி விழும் வரை தெரியாது. ஐசோபென்டேன் ஆவிக்கோ ஒரு சிறு பொறி போதும். அதனால் காற்றோட்டம், ஆக்சிஜன் அளக்கும் கருவி, முகக்கவசம் எல்லாம் கட்டாயம்.

மினசோட்டாவின் சன்னலும் கெடாவின் ஈரமும்

அறுவை மேசையில் நோயாளி இருக்கும்போதே கட்டி புற்றா இல்லையா என்று சொல்ல முடியுமா என்று, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் மேயோ கேட்டதாகச் சொல்வார்கள். 1905-ல் அங்கே லூயிஸ் வில்சன் அதற்கு வழி கண்டார். மினசோட்டாவின் ஜனவரிக் குளிரில், திசுவைச் சன்னலுக்கு வெளியே வைத்து உறைய வைத்து, மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தார் என்பது அந்தத் துறையில் பேசப்படும் கதை. இன்று அறுவைக்கூடத்திலிருந்து துணுக்கு வந்தால் 20 நிமிடத்துக்குள் பதில் சொல்வது பெரிய ஆஸ்பத்திரிகளில் எதிர்பார்க்கப்படும் வேகம்.

கெடாவில் அப்படி ஒரு சன்னல் இல்லை. எல்லாக் குளிரையும் மின்சாரமும் குடுவையும்தான் தர வேண்டும். உறைந்த துணுக்கைச் சீவும் கிரையோஸ்டாட், மைனஸ் 20-ஐ ஒட்டிய குளிர்ப்பெட்டிக்குள் பிளேடு வைத்த கருவி. 1938-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் மோகன்சனும் வடிவமைத்தது. சக்கரத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு சீவல் பிளேடின் மேல் விழும். சுருண்டுகொள்ளாமல் மெல்லிய தூரிகையால் நீவ வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் ஸ்லைடை அருகே கொண்டுபோனதும், சீவல் தானே தாவி ஒட்டி உருகிவிடும்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் இங்கே தொல்லை தரும். பெட்டியின் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே புகுந்து, பிளேடிலும் தூரிகையிலும் பனிப்பொடியாகப் படியும். மழைக்காலத்தில் குளிர்ந்த இடுக்கியை எடுத்த மறுநொடி வெள்ளை பூத்துவிடும். அந்தப் பொடி சீவலில் பட்டால் கீறல். குளிர் நாட்டுக் கையேட்டில் ஒற்றை வரியில் முடியும் விஷயம், வெப்பமண்டலத்தில் தினசரி வேலை.

மைனஸ் 80 ஃபிரீசருக்கு வீட்டு ஃபிரீசர் மாற்றாகாது என்பதற்கும் காரணம் படிகங்களின் அதே இயற்பியல்தான். பனி தட்டாமல் இருப்பதற்காக அவ்வப்போது தானாகச் சற்றே சூடாகும் வகையில் பலவற்றை அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் பொடிப் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். நொடிகளில் சம்பாதித்த நுணுக்கம் நாட்களில் கரைந்துபோகும்.

தூரம் என்ற நோய்

திரவ நைட்ரஜன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. துணுக்கு ஓரிடத்தில், உறையவைக்கும் மேசை இன்னோரிடத்தில் என்றால் என்ன செய்வது? திசுவைப் பொறுத்து வழிகள் உண்டு. தோல், சிறுநீரகத் துணுக்குகளை மிஷெல் கரைசலில் போடலாம். 1970-களின் தொடக்கத்தில் வந்த அந்த அமோனியம் சல்ஃபேட் கரைசல், ஒளிரும் சோதனைக்கு வேண்டிய புரதங்களைச் சாதாரண வெப்பத்திலேயே சில நாள் காத்துக்கொடுக்கும். ஆய்வகம் போனதும் கழுவி, பிறகு உறையவைக்கலாம். தபாலில்கூட அனுப்பக்கூடிய எளிய வழி.

தசைக்கு அது பயன்படாது; என்சைம் உயிரோடு வேண்டும். சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியில் சுற்றி, உலர்ந்த டப்பியில் வைத்து, அந்த டப்பியை ஐஸ் மேல் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். நல்லெண்ணத்தில் நடக்கும் தவறுகள் மூன்று: சலைன் போத்தலுக்குள் மிதக்கவிடுவது, ஐஸ்கட்டி மேல் நேராக வைப்பது, பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிடுவது. முதல் இரண்டில் படிகமும் வீக்கமும். மூன்றாவதில் சோதனையே இல்லை. மூன்றும் கடைசியில் ஒரே இடத்துக்குக் கொண்டுவிடும்: இன்னொருமுறை ஊசி.

மரபணுச் சோதனைகள் பெருகிய பிறகு இந்தத் தேவை ஓரளவு குறைந்திருக்கிறது. டூஷென் தசைத் தேய்வில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்று இரத்தத்தில் டிஸ்ட்ரோஃபின் மரபணுவைப் பார்த்தாலே போதும், தசையைக் கீறுவதில்லை. ஆனால் வேறு பக்கங்களில் தேவை கூடியிருக்கிறது. சென்னை ஐஐடியில் தேசிய புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. கட்டியின் மரபணுவையும் ஆர்என்ஏ-வையும் படிக்க உறைந்த திசுதான் சிறந்த மூலப்பொருள். அதே வளாகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' தரவுத்தொகுப்பு, ஐந்து கருக்களின் மூளைகளை உறைநிலையில் சீவி எடுத்த 5,132 சீவல்களின் படங்களைக் கொண்டது. பயாப்ஸித் துணுக்குக்குச் சாதகமான இயற்பியல், முழு மூளைக்கு எதிரியாகிவிடும். இவ்வளவு பெரியவற்றை உறையவைக்கும்போது, சர்க்கரைக் கரைசலில் முன்கூட்டியே ஊறவைத்துப் படிக வளர்ச்சியை அடக்குவது துறையில் வழக்கமான உபாயம்.

கெடாவுக்குத் திறமைக் குறையில்லை. 2001-ல் உருவாகி, செமிலிங்கில் இயங்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் மருத்துவம் படிக்கிறார்கள். கிரையோஸ்டாட்டும் குடுவையும் காசு கொடுத்தால் வாங்கக்கூடியவை. வாங்க முடியாதது, துணுக்கு உடலைவிட்டுப் பிரிந்ததும் ஓடத் தொடங்கும் நேரம். பிற்பகல் நான்கு மணிக்கு எடுத்த தசையை, லேப் மூடும் ஐந்து மணிக்குப் பெற்றுக்கொள்ள ஆளில்லாவிட்டால், மைனஸ் 160-ம் மைனஸ் 80-ம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

அதனால் இந்த வேலையில் மிக மலிவான கருவி தொலைபேசி. எந்த நாள், எத்தனை மணிக்குத் துணுக்கு வரும், எதில் சுற்றி வரும், யார் வாங்குவார்கள் என்று பயாப்ஸிக்கு முன்தினமே லேபில் பேசி முடித்திருந்தால், ஐசோபென்டேன் குவளை அந்த நேரத்துக்குத் தயாராக இருக்கும். பயாப்ஸிக்குக் கையெழுத்துப் போடும் குடும்பத்தாரும் இதை டாக்டரிடம் கேட்கலாம்: "லேபுக்குச் சொல்லிட்டீங்களா டாக்டர்?" அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் வந்தால், இரண்டாவது ஊசிக்குத் தேவை வராமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.